நிரலொழுங்கும் பாதை அகலமும்

கல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி நதி வளைந்து திரும்பும் கரையோரமாக அமைந்த கார்டன் ரீச் என்னும் பகுதியில், இன்று தென்கிழக்கு ரயில்வேயின் தலைமைக் காரியாலயமாக விளங்குகின்ற வளாகத்தைப் பழைய தலைமுறையினர் இன்னமும் 'பி.என்.ஆர்.' என்றுதான் சொல்லுவார்கள். தென்கிழக்கு ரயில்வே என்ற பெயர் 1955-இல் வந்தது, பி.என்.ஆர். எனப்பட்ட வங்காள நாகபுரி ரயில்வேயோ 1887-இல் பிறந்தது. அது பிறந்த காரணம், அந்தக் காரியாலயத்தில் ஆயுள் முழுவதும் கோப்புப் புரட்டியவர்களிலும் அநேகருக்கு ஞாபகம் இராது. நாகபுரியிலிருந்து சத்தீஸ்கர்ப் பக்கமாக முன்பே போடப்பட்டிருந்த மீட்டர் கேஜ் பாதையை எடுத்துக்கொண்டு, அதை அகலப் பாதையாக மாற்றி, அப்புறம் கிழக்கு நோக்கி நீட்டிக்கொண்டு போவதற்காகவே அந்தக் கம்பெனி ஏற்பட்டது. பிறர் போட்டுவைத்த பாதையின் அகலத்தைத் திருத்துவதே அதன் முதல் உத்தியோகம் என்று சொன்னால் பிசகில்லை.

அந்த ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நான், தண்டவாளத்தோடு சம்பந்தமில்லாத தொழிலாகிய நிரல் எழுதுவதைப் பிழைப்பாகக் கொண்டவன். ஆயினும், பலர் கூடி எழுதுகின்ற திறமூல மென்பொருள்களில் நிரலின் தோற்றத்தை ஓர் இயந்திரத்தைக் கொண்டு ஒரே சீராகத் திருத்திவிடலாமா, திருத்தலாமென்றால் எந்தச் சமயத்தில், யாருடைய சிரமத்தை முன்னிட்டு அதைச் செய்வது என்ற பிரச்சினை கிளம்பும்போதெல்லாம், என் மனம் அந்த 1887-ஆம் வருஷத்துக் காரியத்துக்கே போய் நிற்கிறது.

விஷயம் அறியாதவருக்காக ஒரு வார்த்தை. நிரலின் வரிகளை எவ்வளவு உள்தள்ளி எழுதுவது, தள்ளுவதற்கு டேப் விசையை அழுத்துவதா ஸ்பேஸ் விசையை நான்கு முறை தட்டுவதா, அடைப்புக்குறியை அதே வரியில் திறப்பதா அடுத்த வரியில் திறப்பதா, ஒரு வரி எத்தனை எழுத்துக்குமேல் போகக்கூடாது என்பனவெல்லாம், பெரும்பாலான கணினி மொழிகளில் இயந்திரத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. பைத்தான் போன்ற சில மொழிகளில் மட்டுமே உள்தள்ளல் பொருளைத் தாங்கி நிற்கிறது. படிக்கின்ற மனிதனுக்கோ அது பெரும் பொருட்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்ட பாதுகாப்புக் குறையை நினைத்துப் பார்க்கவேண்டும். 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரே கட்டளை இரண்டு முறை, அடுத்தடுத்த வரிகளில், ஒரே அளவு உள்தள்ளலுடன் எழுதப்பட்டிருந்தது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, பார்வைக்கு அப்படித் தோன்றினாலும், எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் எப்பொழுதும் நிறைவேறி, அதன் கீழே இருந்த கையெழுத்துப் பரிசோதனையைத் தாண்டிப் போயிற்று. கண் ஒன்று கண்டது. இயந்திரம் வேறொன்று செய்தது. ஒழுங்கமைக்கும் கருவி ஒன்று அந்தக் கோப்பின்மேல் ஓடியிருந்தால், இரண்டாவது வரியை இடப்பக்கமாக இழுத்து அதன் உண்மையான ஸ்தானத்தில் நிறுத்தி, குட்டை உடைத்திருக்கும். தோற்றம் வெறும் அலங்காரம் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் அறியேன்.

இத்தகைய கருவிகள் நேற்று முளைத்தவையல்ல. சி மொழிக்கான 'இண்டென்ட்' 1970-களிலேயே உண்டு. பைத்தான் மொழிக்கு 'பெப் 8' என்ற நடைநூல் 2001-இல் எழுதப்பட்டது. ஆனால் அது மனிதர் படித்துப் பின்பற்றவேண்டிய நூலாகையால், அதைப் பின்பற்றியாயிற்றா என்ற விவாதமே தனித் தொழிலாகிவிட்டது. 2009-இல் கூகுளிலிருந்து 'கோ' மொழி வெளிவந்தபோது, அதனுடன் கூடவே வந்த 'கோஃபெம்ட்' என்னும் கருவிதான் மனப்போக்கை மாற்றியது: அதற்கு விருப்பத் தேர்வுகள் அநேகமாகக் கிடையாது, அது தருகின்ற தோற்றம் ஒருவருக்கும் முழுத் திருப்தி அளிப்பதில்லை, ஆயினும் சண்டை ஓய்ந்துபோவதால் எல்லோருக்கும் அது பிரியமானதாயிற்று. 2017-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு 'பிரெட்டியர்', 2018-இல் பைத்தானுக்கு 'பிளாக்' ஆகியவை அந்த வழியிலேயே வந்தன. எந்த நிறம் வேண்டுமானாலும் கிடைக்கும், அது கறுப்பாக இருக்கும்வரை என்று ஹென்றி ஃபோர்டு தம் மோட்டார்களைப் பற்றிச் சொன்னதாக வழங்கும் பேச்சிலிருந்து எடுத்ததே 'பிளாக்' என்ற பெயர்.

புதிதாகத் தொடங்கும் மென்பொருளுக்கு இவற்றில் ஒன்றை முதல்நாளே வைத்துக்கொள்வதில் ஆட்சேபம் சொல்ல இடமில்லை. பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் விஷயந்தான் வில்லங்கமானது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையின் அகலத்தை மாற்றுவது போன்றது அது.

பாதையை மாற்றியதில் சரித்திரம் இரண்டு வகை மாதிரிகளைக் காட்டுகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஐந்தடி அகலமாக இருந்த சுமார் 11,500 மைல் பாதையை, 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாட்களில் மூன்று அங்குலம் குறுக்கி மாற்றினார்கள். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, எக்ஸிடருக்கு மேற்கே எஞ்சிக் கிடந்த ஏழடிப் பாதையை, 1892 மே மாதத்து ஒரு வாரக்கடைசியில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை நிறுத்தி மாற்றி முடித்தது. இவற்றில் நாம் கவனிக்கவேண்டியது அந்த இரண்டு நாட்களை அல்ல. அவற்றுக்கு முந்திய மாதங்களை. அமெரிக்கர்கள் புதிய இடத்துக்கான ஆணிகளை முன்கூட்டியே கட்டைகளில் அடித்து வைத்திருந்தார்கள். குறித்த நாளில் ஒரு பக்கத்துத் தண்டவாளத்தை மட்டும் நகர்த்தினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே போக்குவரத்தை நிறுத்தினார்கள். மற்றொரு மாதிரியைத் தமிழ்நாட்டார் நன்கு அறிவார்கள். மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. அகலப் பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூனில். நின்ற ரயிலுக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வட்டாரத்தாரிடம் ஒரே சீரான அகலத்தின் மகிமையை எடுத்துச் சொல்லப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்கு வேண்டியது ரயில்.

நிரலுலகில் முதல் மாதிரிக்குச் சிறந்த உதாரணம் ஜாங்கோ. பைத்தானில் எழுதப்பட்ட இந்த வலைச் சட்டகத்தின் குழுவினர், பிளாக் கருவியை ஏற்பது என்று 2019-லேயே தீர்மானித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கருவி பரிசோதனை நிலையைத் தாண்டி உறுதியான வெளியீடு காணும்வரையில் கை வைக்கவில்லை. 2022 ஜனவரியில் அந்த வெளியீடு வந்தது. பிப்ரவரி 7-ஆம் தேதியன்று முழு நிரலும் மாறிற்று. தீர்மானத்துக்கும் செய்கைக்கும் இடையே ஏறக்குறைய மூன்று வருஷம். செய்கைக்கு ஒரு நாள். மோஸில்லாவும் ஃபயர்ஃபாக்ஸின் பிரம்மாண்டமான சி++ நிரலை 2018 நவம்பர் இறுதியில், புதிய மாற்றங்களுக்கு வாசலை மூடிவிட்டு, ஒரே வீச்சில் 'கிளாங் ஃபார்மேட்' கொண்டு திருத்தியது. அவசரமில்லாத தீர்மானமும் அவசரமான நிறைவேற்றமும் சேர்ந்த இந்த முறையே சிலாக்கியமானது என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கு இந்தக் கோப்பு, அடுத்த மாதம் அந்தக் கோப்பு என்று தவணை முறையில் திருத்தப் புறப்பட்டவர்கள், பாதி மீட்டர் கேஜும் பாதி அகலப் பாதையுமாக நின்று, ஒவ்வொரு சந்திப்பிலும் மூட்டையை இறக்கி ஏற்றுகின்ற துன்பத்தையே அனுபவிக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. அது லேசாகத் தள்ளத்தக்கதல்ல. லினக்ஸ் கெர்னலுக்குத் தனி நடைநூல் இருக்கிறது. உள்தள்ளல் டேப் கொண்டே செய்யவேண்டும், டேப் என்பது எட்டு எழுத்து அகலம் என்பது அதன் நியதி. நடை பிசகினால் சுட்டிக்காட்டும் 'செக்பேட்ச்' என்ற கருவியும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், இருக்கிற நிரலின் தோற்றத்தை மட்டும் திருத்துகின்ற பேட்சுகளை அந்தச் சமூகத்தார் வெறும் இரைச்சலாகவே பாவித்து, உற்சாகமின்றி வரவேற்பார்கள் என்று அவர்களுடைய ஆவணமே எச்சரிக்கிறது. காரணம் எளிது. ஆயிரக்கணக்கானவர்கள் ஏககாலத்தில் மாற்றங்கள் அனுப்பிக்கொண்டிருக்க, பல பழைய பதிப்புகளுக்கும் அதே திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுசெல்லவேண்டியிருக்கின்ற ஒரு மென்பொருளில், மூடுவதற்கு ஒரு வாரக்கடைசி கிடையாது. ஹௌராவிலிருந்து புறப்படும் பிரதான பாதையை இரண்டு நாள் அடைத்துவைக்க எந்த அதிகாரி கையெழுத்திடுவார்? அவர்களும் முற்றிலும் கதவை அடைத்துவிடவில்லை. 'ஸ்டேஜிங்' என்று ஒரு புறக்கடையை ஒதுக்கி, பழகுகிறவர்கள் ஒழுங்குத் திருத்தங்களை அங்கே செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அவர்கள் நிலைமையில் அது நியாயமே. ஆனால் இருபது பேர் எழுதும் ஒரு சிறிய நூலகத்தின் பொறுப்பாளர், லினக்ஸைக் காட்டித் தம் சோம்பலுக்கு நியாயம் தேடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

ஒரே நாளில் மாற்றுவோர் இரண்டு நஷ்டங்களுக்குப் பரிகாரம் தேடியாகவேண்டும். முதலாவது சரித்திர நஷ்டம். கிட் என்னும் பதிப்பு நிர்வாகக் கருவியில், ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார், என்றைக்கு, என்ன காரணம் கூறி என்பதைக் காட்டும் கட்டளை ஒன்றுண்டு. அதற்குப் பெயரே 'பிளேம்', அதாவது 'குற்றம் சாட்டு'. முழுத் திருத்தம் நடந்த மறுநாள் அந்தக் கட்டளையை இட்டுப் பார்த்தால், பதினைந்து வருஷத்து வரிகளெல்லாம் ஒரே மனிதர் ஒரே நாளில் எழுதியதாகக் காட்டும். ஏடு பெயர்த்து எழுதியவர் தம் பெயரையும் தேதியையும் கடைசி ஏட்டில் பொறித்துவிட, மூலத்தை இயற்றியவர் யாரென்று பிற்காலத்தார் தவிப்பதற்கு ஒப்பானது இது. 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23 பதிப்பு இதற்கு வழி செய்தது: ஒதுக்கவேண்டிய கமிட்டுகளின், அதாவது பதிவான மாற்றங்களின், எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், பிளேம் அவற்றைத் தாண்டி அப்பால் உள்ள உண்மையான கையைக் காட்டும். 2022 முதல் கிட்ஹப் தளமும் அந்தக் கோப்பை மதிக்கிறது. இந்த வசதி வந்த பிறகு, சரித்திரம் அழிந்துபோகும் என்ற வாதம் பெரும்பாலும் வலுவிழந்தது என்றே சொல்லவேண்டும்.

இரண்டாவது நஷ்டம், வழியில் இருப்பவர்களுடையது. அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பொறுப்பாளர்கள் திருத்தத்துக்கு நாள் குறிக்கும்போது, யாரோ ஒருவர், சம்பளமின்றி, இரவில் விழித்து எழுதி அனுப்பிய மாற்றம் ஒன்று பரிசீலனைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் அவர் கண்விழிக்கையில், அவருடைய நிரல் புறப்பட்ட ஸ்டேஷனும் சேரவேண்டிய ஸ்டேஷனும் வேறு அகலத்தில் இருக்கும். நூறு இடங்களில் முரண் காட்டி மெர்ஜ் ஆகாமல் நிற்கும். இதற்கும் யுக்தி உண்டு. திருத்தத்துக்குச் சற்று முந்திய நிலைவரை முதலில் தம் கிளையை இணைத்துக்கொண்டு, பிறகு அதே கருவியை, அதே பதிப்பில், தம் கிளைமேலும் ஓடவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிடும், முரண் பெரும்பாலும் மறையும். மோஸில்லா இந்த வேலையைத் தானே செய்துகொடுக்கும் ஒரு துணைக்கருவியையே தன் பங்காளர்களுக்கு வழங்கியது. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை. நான் முதன்முதலாக அனுப்பிய மாற்றங்களில் ஒன்று இப்படித்தான் நடுவழியில் நின்றது. அந்தத் திட்டத்தார் முன்னறிவிப்பும் கொடுக்கவில்லை, வழியும் சொல்லவில்லை. மூன்று வாரம் முரண்களைக் கையால் பிரித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். அவர்களுடைய நிரல் இன்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினையை நேரில் சந்தித்தவர்களுள் மும்பையில் உள்ள ஃபிராப்பே நிறுவனத்தாரின் அனுபவம் சுவையானது. அவர்கள் வெளியிடும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் திறமூல வணிகக் கணக்கு மென்பொருளின் பைத்தான் நிரல், ஆதியிலிருந்தே டேப் கொண்டு உள்தள்ளி எழுதப்பட்டது. பிளாக் கருவியோ நான்கு ஸ்பேஸ் என்பதில் பிடிவாதமானது. டேப் என்ற தேர்வே அதில் கிடையாது. கருவிக்காக நிரல் வளைவதா, நிரலுக்காகக் கருவி வளைவதா என்ற கேள்விக்கு அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள்: பிளாக் கருவியையே பிரித்தெடுத்து, டேப் ஏற்கும்படி தங்களுக்கென்று ஒரு கிளையை வைத்துக்கொண்டு, 2022-இல் முழு நிரலையும் அதைக் கொண்டு திருத்தி, அந்தக் கமிட்டின் எண்ணை ஒதுக்கல் கோப்பில் பதிந்தார்கள். விருப்பத் தேர்வே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு கருவிக்கு இந்த மண்ணில் ஒரு விருப்பத் தேர்வு பிறந்த விதம் இது. பின்னர் 'ரஃப்' என்ற வேகமான கருவி வந்து, டேப்பையும் அனுமதித்தபடியால், அவர்கள் அதற்கு மாறிக்கொண்டார்கள். இது பிடிவாதமா விவேகமா என்று கேட்பார் உண்டு. மீட்டர் கேஜை அகலப்படுத்தவே பிறந்த நம் பி.என்.ஆர். கம்பெனிதான், பிற்பாடு சத்புரா மலைப்பிரதேசத்தில் இரண்டரையடி அகலத்தில் குறும்பாதைகளைத் தானே போட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். ஒரு வீட்டுக்குள் ஒரே அகலம் இருந்தால் போதும். உலகம் முழுவதற்கும் ஒரே அகலம் என்பது வேறு விவகாரம்.

இவ்வளவும் தோற்றத்தை மட்டும் மாற்றும் கருவிகளைப் பற்றியது. இங்கே ஓர் எல்லைக்கோட்டைக் கிழிக்காவிட்டால் ஆபத்து. ஓலைச்சுவடியில் புள்ளியும் இன்றி, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இன்றி ஓடிய வரிகளைப் பதிப்பாசிரியர்கள் அச்சுக்குக் கொண்டுவந்தபோது, இடம்விடுதல் என்ற சாதாரணக் காரியமே பொருளைத் தீர்மானிக்கும் காரியமாகிவிட்டது; ஒருவர் ஓரிடத்தில் பிரித்தால் ஒரு பொருள், மற்றொருவர் வேறிடத்தில் பிரித்தால் மற்றொரு பொருள். நிரலிலும் அப்படியே. பிளாக் போன்ற கருவி, திருத்துவதற்கு முன்னும் பின்னும் நிரலின் இலக்கண மரத்தை எடுத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று தானே சோதித்துக்கொள்கிறது. ஆனால் அதே மூச்சில், பயன்படாத இறக்குமதிகளை நீக்குதல், இறக்குமதி வரிசையை அகரவரிசைப்படுத்துதல், பழைய சொற்றொடரைப் புதியதாக மாற்றுதல் என்று 'தானியங்கித் திருத்தம்' என்ற பொதுப் பெயரின் கீழ் வருகின்றவை வேறு ஜாதி. ஒரு கூறை இறக்குமதி செய்வதே ஒரு காரியத்தை நிகழ்த்துகின்ற இடங்களில், வரிசை மாறினால் விளைவும் மாறும். இவற்றைத் தோற்றத் திருத்தத்தோடு ஒரே கமிட்டில் கலப்பது, பதினாயிரம் வரி மாற்றத்துக்குள் பத்து வரி உண்மை மாற்றத்தை ஒளித்து வைப்பதாகும்; கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல மறைவிடம் வேறில்லை. தோற்றத் திருத்தம் மட்டுமே உள்ள கமிட்டை யாரும் நம்பவேண்டிய அவசியமே இல்லை. அதே கருவியைத் தன் வீட்டில் ஓடவிட்டு, அதே முடிவு வருகிறதா என்று எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

புதியவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். உள்தள்ளல் பிசகு, வரி நீளம் என்று முன்பின் அறியாத ஒரு பரிசீலகர் ஆங்கிலத்தில் இருபது குறிப்புகள் எழுதினால், காரைக்குடியிலோ கரக்பூரிலோ இருந்து முதல் மாற்றம் அனுப்பிய மாணவர் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார். அதே பிசகைக் கருவி திருத்திவிட்டால் அவருக்கு அவமானமில்லை. இயந்திரத்தின் கண்டிப்பு சுடுவதில்லை. இந்த ஒரு பயனுக்காகவே நான் கருவியின் கட்சி. மறுபக்கமும் உண்டு: 2020 அக்டோபரில், நான்கு மாற்றங்கள் அனுப்பினால் சட்டை ஒன்று பரிசு என்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட் விழாவை முன்னிட்டு, இடைவெளியைத் திருத்தினேன், ஒரு சொல்லைச் சேர்த்தேன் என்ற உபயோகமற்ற மாற்றங்கள் நம் நாட்டிலிருந்தும் வெள்ளமாகப் பாய, நடத்துவோர் விழாவின் நடுவிலேயே விதியை மாற்றி, சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று வரையறுக்க நேர்ந்தது. தைத்த உடுப்புகளுக்குப் பேர்போன மெட்டியாபுரூஸுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் எனக்கு, ஒரு சட்டைக்காக இவ்வளவா என்றுதான் தோன்றிற்று. ஒழுங்கைக் கருவியே பார்த்துக்கொள்கிற திட்டத்தில் இத்தகைய மாற்றங்களுக்கு இடமே எழுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

தமிழ் எழுதுவோருக்கு ஒரு தனிச் சங்கடம். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. யூனிகோடுக்குக் குறிகள் ஐந்து. வரி நீளத்தைக் குறிகளால் அளக்கும் கருவி, தமிழ்ச் செய்திகள் நிறைந்த நிரலில், கண்ணுக்குப் பாதி தூரமே வந்த வரியை நீளமென்று முறித்துப் போடும்; வலப்பக்கத்துக் குறிப்புரைகளை நேர்க்கோட்டில் நிறுத்துவதாக எண்ணிக்கொண்டு படிக்கட்டாக நிறுத்தும். இதற்கு நம்மவர்தாம் முன்வந்து வழி காணவேண்டும். வேறு யாருக்கும் இது உறுத்தாது.

ஆகவே, ஒரு திறமூலத் திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அன்பர்களே, கருவியைத் தேர்ந்து, பதிப்பெண்ணைப் பூட்டி, நாளும் குறித்துவிட்டீர்களானால், அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பு, காத்திருக்கும் மாற்றங்களின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். வாங்கக்கூடியதை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு என்றைக்கு, எந்தப் பதிப்புக் கருவியை, எப்படி ஓடவிட்டால் தங்கள் கிளை பிழைக்கும் என்று பெயர் பெயராக நாலு வரி எழுதிவிடுங்கள்.